ஐந்தாம் மதகைத் திறந்த கை

செவ்வாறும் அதன் ஏழு மதகுகளும், அவற்றின் நீரால் வாழும் நானூறு ஊர்களும் தழைக்க. கொற்றநல்லூர் அரசின் அறங்கூறும் அவைத் தலைவர், சொல் பிறழாத திருமலி வேளார் அவர்களின் திருமுன்னர், செவ்வாற்று அணையின் பொறியமைச்சன் வயிரவன் வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் அவை நலமே விளங்குக. தங்கள் கோட்டைக் கதவுகள் பகைவர்க்கு மட்டுமே மூடியிருக்க.

வாழ்த்தை இதற்கு மேல் நீட்ட எனக்குப் பொறுமை இல்லை, பொறுத்தருள வேண்டும். வியாழன் உச்சிப்பொழுதில் மதகுக் காவலன் குன்றனின் வலக்கையை எடுப்பதென்று அவை தீர்ப்பளித்திருக்கிறது. இன்று செவ்வாய். குதிரை ஓயாமல் ஓடினாலும் தலைநகரை அடைய ஒன்றரை நாள் ஆகும். ஆகவே தண்டனையை முதலில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு மேலே படிக்குமாறு வேண்டுகிறேன்.

நிறுத்தியாயிற்று என்றே நம்பி எழுதுகிறேன். ஆவணி மாதத்தில் ஐந்தாம் மதகு எவர் ஆணையும் இன்றித் திறந்து, ஆவாரம்பள்ளியில் பதினேழு வீடுகளையும் இரண்டு உயிர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. மதகருகே நின்றவன் குன்றன் ஒருவனே. அவையில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "சாமி, நான் கை வைக்கவே இல்லீங்க. அது தானாத் தொறந்துச்சுங்க." அவை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் நம்பவில்லை.

மதகுகளை இயக்குவது அணையின் கணிப்பொறி என்பதையும், அப்பொறியின் பணிகளையெல்லாம் முறைவைத்து நடத்துவது அதன் இயங்குதளத்தின் கருவாகிய கர்னல் என்பதையும் அவை அறியும். பிழை கர்னலில் உண்டா என்று ஆராயும்படி எனக்குக் கட்டளை வந்தது. அதற்கு வழி இரண்டு. ஒன்று பதிவுச் செய்தி: கர்னல் ஒவ்வோர் அடியிலும் சற்று நின்று, தான் செய்ததை எவரும் படிக்கத்தக்க சொற்களில் எழுதிவிட்டு அப்பால் செல்லும். மற்றது தடம் பிடித்தல்: எந்த அடி, எந்தக் கணம் என்று ஒரு சிறு குறியை மட்டும் நினைவகத்தில் போட்டுவிட்டு நில்லாமல் ஓடும், குறிகளை நாங்கள் பின்னர் கோத்துப் படிப்போம். நம் நாட்டிலோ, சொல்லாய் எழுதி அவையில் மும்முறை வாசிக்கப்பட்டதே சாட்சி. வெறும் குறிகள் சாட்சி ஆகா. ஆதலால் பதிவுச் செய்திகளையே இடுக என்றது அவை. நானும் தலையாட்டினேன். வேலை எளிது என்பதும் ஒரு காரணம்.

இரண்டாயிரம் இடங்களில் செய்திகளை இட்டோம். நாற்பத்திரண்டு நாள் ஐந்தாம் மதகு அசையவில்லை. குன்றன் சிறைக்குப் போனதும் மதகு ஒழுங்காகிவிட்டது, ஆகவே திறந்தவன் அவனே என்று அவை முடிவு கட்டியது. என் பதிவேடுகளே, என் முத்திரையோடு, அவனுக்கு எதிராக மும்முறை வாசிக்கப்பட்டன.

அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடன் வேலை செய்வோரிடம் காரணமின்றி எரிந்து விழுகிறேன். அந்த நாற்பத்திரண்டு நாளில் மாறியவை இரண்டு அல்லவா? குன்றன் போனான், செய்திகள் வந்தன. அவை முதலாவதை மட்டும் கண்டது. ஒரு செய்தியை எழுதக் கர்னல் நிற்கும் நேரத்தில் வேறு ஆயிரம் காரியங்கள் நடந்து முடிந்துவிடும். பார்ப்பதற்காக நாங்கள் நிறுத்திய நிறுத்தமே பிழையை மறைத்ததோ என்று ஐயம் எழுந்தது.

ஆகவே அவையின் ஆணையை மீறினேன். ஆற்றோர மக்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு, பதிவுச் செய்திகள் அனைத்தையும் அகற்றி, தடக்குறிகளை இட்டேன். குறிகளுக்கான இடம் சிறிது; புதியவை வரவரப் பழையவை அழியும். எனவே மதகு அசையும் கணமே குறியிடல் நிற்குமாறு ஏற்பாடு செய்தேன். நேற்றுக் காலை, ஆவாரம்பள்ளியார் அறுபது பேர் மேட்டிலிருந்து பார்த்திருக்க, ஐந்தாம் மதகு தானே திறந்தது. அதன் அருகில் எவரும் இல்லை. குன்றன் தங்கள் சிறையில் இருந்தான்.

தடம் காட்டியது இது. நீரின் உயரத்தை ஒரு பணி எழுதிக்கொண்டிருக்கும்போதே, மதகை இயக்கும் பணி அதைப் பாதியில் வாசித்துவிடுகிறது. பழைய எண்ணில் பாதியும் புதிய எண்ணில் பாதியும் கலந்து, ஏழு முழம் எழுபது முழமாய்த் தெரிகிறது. வெள்ளம் என்று கொண்டு மதகு திறக்கப்படுகிறது. செய்திகள் இருந்தபோது, வாசிக்க வந்த பணி செய்தி எழுத நின்றது. அதற்குள் மற்றது தன் வேலையை முடித்துக்கொண்டது.

எழுதி முடியும்வரை எவரும் வாசிக்காதபடி அவ்விடத்தில் ஒரு பூட்டு இருந்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியை எழுதியவன், பூட்டினால் பொறி மந்தமாகும் என்று அதை விட்டுவிட்டான். உடனிருந்தோர் சொல்லியும் கேட்கவில்லை. இந்த ஓலையை விடுக்கும் வயிரவன்தான் அவன்.

பூட்டை நேற்றே இட்டுவிட்டேன். பதிவுச் செய்தியை நான் பழிக்கவில்லை. பொறி அவிந்த பின்னும் எழுதியது நிற்கும். எப்போதோ நிகழ்வதற்கும், பலர் படிக்க வேண்டியதற்கும் அதுவே தக்கது. கணத்துக்குள் நடந்து முடியும் பிழைக்கோ தடமே வேண்டும். இனி அவை அதையும் சாட்சியாய் ஏற்க ஆவன செய்க. குன்றனை இன்றே விடுவித்து, அவனைப் பழித்த என் பதிவேடுகளை அவையில் மும்முறை பொய்யென வாசிக்கச் செய்க.

மதகைத் திறந்த கையை எடுப்பதே தீர்ப்பாயின், அந்த வரியை எழுதிய கை இது. இந்த ஓலையை எழுதியதும் இதுவே. வெள்ளி காலை தங்கள் வாயிலில் வந்து நிற்பேன். செவ்வாற்றின் மேல் ஆணை. அணையின் முத்திரையை இடக்கையால் இட்டிருக்கிறேன். சற்றுக் கோணியிருந்தால் போலி என்று தள்ளிவிட வேண்டாம். இப்போதுதான் பழகுகிறேன்.