திருட்டுப்பூனை என்று யாரைச் சொல்வது

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் மனைவியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போனில் நீ குரலை உயர்த்தினால் எனக்கு நாக்கு எழாது, அதனால்தான் கடிதம்.

போன வாரம் மருமகள் இரவு டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்துவிடப் போகிறாளே என்று நுனிக்காலில் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் மொண்டேன். நீ மாட்டிவைத்த கேமராவிலிருந்து உன் குரல், "என்னப்பா, திருட்டுப்பூனை மாதிரிப் பதுங்கிப் பதுங்கிப் போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தது. குழாய் ரிப்பேருக்கு வந்திருந்த ஆளும் சிரித்தான், போகும்போது "வரேன் பூனை சார்" என்றான்.

அகராதி அலுவலகத்தில் காலமெல்லாம் சொல்லுக்குப் பொருள் எழுதியவன், சும்மா இருக்க முடியவில்லை. சத்தமில்லாமல் நடந்தால் மட்டும் அந்தப் பெயர் வந்துவிடுமா? குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுந்து போகும் தாயும் அப்படித்தான் நடக்கிறாள். கூப்பிடாத இடத்துக்குள் நுழைய வேண்டும், தனக்கில்லாததில் வாய் வைக்க வேண்டும், அப்போதுதான் சொல் பொருந்தும். நான் தப்பாகவும் யோசித்திருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாள் தரை அதிர நடந்தேன். மருமகள் எழுந்து வந்து "என்ன மாமா, வீட்டுக்குள்ள ரோடு போடுறீங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "அந்தக் கேமரா உங்களைப் பாக்க வெச்சதில்ல மாமா, என்னைப் பாக்க. எப்ப வரேன், யாரோட போன்ல பேசறேன், எல்லாத்துக்கும் கேள்வி. நேத்து ஏன் சிரிச்சேன்னு கேட்டாரு" என்றாள். பையில் துணியெல்லாம் அடுக்கிவைத்திருக்கிறாள், அம்மா வீட்டுக்குப் போக.

திருடனுக்காக என்றுதானே என்னிடம் சொன்னாய்? நானும் பக்கத்து வீட்டில் பெருமையடித்தேன். இப்போது அந்தச் சொல்லை எடுத்துவைத்துப் பார்க்கிறேன். காலடிச் சத்தம் இல்லை, யாரும் கூப்பிடவில்லை, கட்டியவளின் சிரிப்பில்கூட வாய் வைத்தாகிவிட்டது. வேறு யாருக்கடா அது பொருந்தும்?

கேமராவைக் கழற்றியது நான்தான், அவள் மேல் பாயாதே. ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொண்டாள், "விழுந்து வெக்காதீங்க" என்று திட்டிக்கொண்டே. மறுபடி ஒன்றை மாட்ட ஆள் அனுப்பினால் அவள் கிளம்பிவிடுவாள், நானும் கூடவே போய்விடுவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு. லீவில் வரும்போது சாவி இருக்கிறதென்று திறந்துகொண்டு உள்ளே வராதே. மணியடித்துவிட்டு வாசலில் நில். கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா