வெறும் முறம்

5 ஆகஸ்ட் 1997, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. ரப்பர் வெட்டு இல்லாத நாளில் ஆண்பிள்ளைகளுக்கு வாய் அதிகம். காலையிலிருந்து இவரும் என் தம்பி ஜோஷியும் அந்தப் பேய்ப்படத்தை வைத்துச் சண்டை. "ரெண்டு மணிக்கூறு ஒருத்தி முறத்தைப் புடைச்சிட்டே இருக்கா. பேயைக் கண்ணுல காட்டவே இல்ல. இதுக்குப் பேரு படமா?" என்று இவர். "காட்டாததுதான் அத்தான் படம்!" என்று அவன். குன்னத்துகால் முழுக்க இப்படித்தான் இரண்டுபட்டுக் கிடக்கிறது.

ஆண்கள் பார்த்ததை யாரும் கேட்கவில்லை. ஜோஸ்மி டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து தோழிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதைத்தான் நான் விடவில்லை. ஆலயத்துப் பெண்கள் ஐக்கியத்துக்குச் செக்ரட்டரி நான்; என் மகள் சினிமாக் கொட்டகையில்! போன வெள்ளிக்கிழமை ஐக்கியத்தில் அவளை எழுப்பி நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்தேன். அதோடும் நிற்கவில்லை. பதினேழாம் தேதி பிஷப் வந்து பிள்ளைகளின் தலையில் கைவைத்துத் திடப்படுத்தல் கொடுக்கிறார். இந்த முறை அவள் பெயர் வேண்டாம் என்று நானே போதகரிடம் போய்ச் சொன்னேன். அதற்கென்று எடுத்த வெள்ளைச் சேலை பீரோவில் இருக்கிறது.

இன்று கேட்டாள்: "பாக்காம எப்பிடிம்மா பாவம்னு சொல்லுதிய? நான் பயந்தேன், அவ்வளவுதான். பயப்படுததும் பாவமா?"

வாய் நீளம். ஆனாலும் இந்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்துக்கு எதிராகப் பேச வேண்டியவள் நான். பார்க்காமல் என்னத்தைப் பேச?

7 ஆகஸ்ட், வியாழன்

கர்த்தாவே. எங்கே போய் முகத்தை வைப்பேன்?

கண் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். படம் பாறசாலையிலும் ஓடுகிறது. அங்கே போனால் சபையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போனேன். மேட்னி காட்சி. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். குற்றங்குறைகளைக் குறித்துக்கொள்ள ஒரு பென்சில் வேறு!

முதல் பாதியில் கொட்டாவிதான். காலி வீடு. ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு, முறத்தில் புடைக்கிறாள், புடைக்கிறாள், புடைத்துக்கொண்டே இருக்கிறாள். பின்னால் இருந்தவன் விசிலடித்தான். இவர் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன் — முறத்தில் ஒன்றும் இல்லை. வெறும் முறம். ஆனால் அரிசி விழுகிற சத்தம் கேட்கிறது. அதன் பிறகு பென்சில் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

கடைசியில் அவள் மெல்லத் திரும்பி, நம்மைப் பார்த்து, ரொம்பப் பிரியமாக, "உலையில் தண்ணி வச்சாச்சா?" என்று கேட்டாள்.

இவ்வளவுதான். இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஆனால் நான் எழுந்துவிட்டேன். எழுந்து, ஐக்கியத்தில் ஜெபம் நடத்துகிற அதே குரலில், "இயேசுவின் நாமத்தில் கட்டளையிடுகிறேன், வெளியே போ பிசாசே!" என்று கொட்டகை அதிரக் கத்தினேன்.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் திரும்பின. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"ஆஆ...மென்!"

அந்த இழுவை இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு. எங்கள் ஆலயத்தில் மணி அடிக்கும் யோவான். சபை முழுக்க ஆமென் சொல்லி முடித்த பிறகும் அவர் மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார். பாவம், பழக்கதோஷம். ஜெபம் கேட்டதும் தானாக வாயில் வந்திருக்கும்.

கொட்டகையே சிரித்தது. ஓடி வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு காலில் செருப்பு இல்லை. ஓடை வெள்ளத்தில் போய்விட்டது என்று வீட்டில் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு பொய்.

8 ஆகஸ்ட், வெள்ளி

ஐக்கியம் கூடியது. யோவான் வாயைத் திறக்கவில்லை போலிருக்கிறது. பேசினேன். நான் பார்த்தது தெரியக்கூடாது அல்லவா? அதனால் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன்: "கேள்விப்பட்டேன், அந்தப் படத்தில் ஒரு பெண் முறத்தில் நெல் புடைக்கிறாளாம் —"

"நெல்லா? ஒண்ணும் இல்லியே அக்கா. அது வெறும் முறமாக்கும்," என்றாள் விலாசினி. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நடுவுல கொஞ்சம் தவிடு உண்டும்," என்றாள் பொருளாளர் ஓமனா.

"தவிடா? ஒனக்க கண்ணுலதான் தவிடு!"

அப்புறம் என்ன, பிடித்துக்கொண்டது. பாதிப்பேர் அருமை என்கிறார்கள், பாதிப்பேர் அறுவை என்கிறார்கள். எல்லோரும் யாரும் பார்க்கக்கூடாது என்று நெய்யாற்றின்கரைக்கே போயிருக்கிறார்கள்! கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் மட்டும் "கேள்விப்பட்டேன்" என்ற இடத்திலேயே முறைத்துக்கொண்டு நின்றேன்.

ஜோஸ்மி காப்பித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள். தட்டை பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். போன வாரம் இதே இடத்தில், இதே பெண்கள் முன்னால்தான் அவளை அழ வைத்தேன். அன்று ஒருத்தியும் சிரிக்கவில்லை.

9 ஆகஸ்ட், சனி

யோவான் ஒரு பொட்டலத்தை ஜோஸ்மி கையில் கொடுத்துவிட்டுப் போனார். "அம்மைட்ட குடு மக்களே, கொட்டகையில கெடந்துது."

பிரித்தாள். என் செருப்பு. என்னைப் பார்த்தாள். திட்டியிருக்கலாம், நான் திட்டியதுபோல. அதை வாசலில் இருந்த ஒற்றைச் செருப்புக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் கையால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

ஆலயத்துக்குப் போனேன். பாட வாய் வரவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

போதகரிடம் எல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று சந்தேகம். "பிள்ளைக்க பேரைச் சேத்துக்கிடலாம். ஆனா அவளுக்கு வர இஷ்டம் உண்டுமான்னு கேட்டியளா?" என்றார்.

கேட்டேன். மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எனக்கு வேண்டாம்."

"எனக்குத் தெற்றிப் போச்சு மக்களே, தப்பு என்மேலதான்."

"இத அடுக்களையில சொல்லுதிய. என்னை எங்க வச்சு சொல்ல வச்சிய?"

பெற்ற பிள்ளையை ஊர் மெச்ச வேண்டும் என்று ஊர் முன்னால் நிறுத்தினேன். ச்சே, நான் என்ன தாய்!

15 ஆகஸ்ட், வெள்ளி

ஐக்கியத்தில் எழுந்து நின்று சொன்னேன். ஜோஸ்மியிடம் செய்தது தப்பு என்று அவள் பெயரைச் சொல்லிச் சொன்னேன். கண் டாக்டர், கத்தியது, செருப்பு, ஒன்றையும் விடவில்லை. யோவானைத் தவிர. பாவம், அவர் வேலை போய்விடும். செருப்பைக் கொண்டுவந்தது யார் என்பது ஜோஸ்மிக்கு மட்டும்தான் தெரியும். சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவள் கடைசி பெஞ்சில் இருந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

16 ஆகஸ்ட், சனி

பீரோவில் வெள்ளைச் சேலையைக் காணவில்லை. அடுத்த அறையில் இஸ்திரி போடும் மணம். நான் எட்டிப் பார்க்கவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

வெள்ளைச் சேலை, வெள்ளை முக்காடு. வரிசையில் நின்றாள். காலையிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்காக வரவில்லை, அவளுக்காக வந்தாள். அது போதும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

முழங்காலிட்டாள். பிஷப் தலையில் கைவைத்து ஜெபித்தார். சபை ஆமென் சொல்லி முடித்தது. அப்போது பின்னாலிருந்து:

"ஆஆ...மென்!"

ஜோஸ்மியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் கண் நிறைந்தது. எழுந்து திரும்பும்போதுதான் பார்த்தேன். முக்காட்டை வாயில் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள். அவள் கண் பெண்கள் வரிசையில் என்னைத்தான் தேடியது.

பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்த விலாசினி, "அழாதிய அக்கா," என்று முதுகைத் தடவினாள்.