முயலுக்கு வழிவிட்ட விமானம்

காலைத் தேநீருக்கு எலுமிச்சம்பழம் ஒன்றை வெட்டினேன். கத்தி பட்டதும் எழுந்த வாசனையின் பின்னால் வழக்கம்போல வேறு வாசனைகளும் வந்து நின்றன: நனைந்த புல், பெட்ரோல், உன்னுடைய பழைய தோல் சட்டை. எலுமிச்சம்பழத்தை மோந்து விமானத்தை நினைக்கிறவன் லண்டனில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பழத்தைப் பிழியாமல் தட்டில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். தேநீர் ஆறிவிட்டது. அதையும் உன் தலையிலேயே போடுகிறேன்.

முதலில் செய்தி. நம் விமானத்தைக் கொடுத்துவிடுவதா, வைத்திருப்பதா என்பது போன சனிக்கிழமை முடிவாகிவிட்டது. நீ இறந்துவிட்டதால் உன்னைக் கேட்கவில்லை. சங்கடமான முடிவு எடுக்கவேண்டிய இடங்களில் இப்படி நேர்த்தியாக ஒதுங்கிக்கொள்ளும் யோகம் உனக்கு எப்போதும் இருந்தது. எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

நாம் அதை வாங்கியபோது நீ ஹவுன்ஸ்லோவில் குடியிருந்து, விமான நிலையத்தில் பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து கவுன்சில் அலுவலகத்துக்குப் போய், பிழையான இடத்தில் கார் நிறுத்தியவர்களின் முறையீடுகளை நிராகரித்துக்கொண்டிருந்தேன். ஒருவன் விமானத்தின் வயிற்றைத் தவிர வேறெதையும் பார்க்காதவன். மற்றவன் வண்டிகள் நிற்பதைப் பற்றி மட்டுமே அறிந்தவன். எசெக்ஸில் ஒரு புல்வெளி விமானத் தளத்தின் கொட்டகையில், மரச்சட்டத்தில் துணி போர்த்த அந்தக் கிழட்டு விமானத்தைக் கண்டதும் நாம் இருவரும் ஒரேயடியாகப் பேச்சிழந்தோம். நமக்கும் முந்திப் பிறந்தது அது. பாதி உனக்கு, பாதி எனக்கு என்று எழுதிக்கொண்டோம். எந்தப் பாதி யாருக்கு என்று எழுதவில்லை. காலப்போக்கில் பறக்கிற பாதி உன்னிடமும் துடைக்கிற பாதி என்னிடமும் வந்து சேர்ந்தன.

புது வாகனம் எடுத்தால் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். விமானத்தை ஆர்ச்வே மேட்டிலுள்ள கோயிலுக்குக் கொண்டுபோக முடியாது என்று நான் சொன்னேன். "முழுசாய்க் கொண்டுபோக வேணுமெண்டு ஆர் சொன்னது?" என்றாய். மூக்கிலிருந்த, இரண்டு இறக்கைகள் கொண்ட மரக் காற்றாடியை மட்டும் கழற்றி, உன் மனைவி மலருடைய சேலை ஒன்றில் சுற்றி, நார்தர்ன் லைன் ரயிலில் ஏற்றினோம். ஆள் உயரத்துக்கு இருந்தது. பிணம் கொண்டுபோகிறோம் என்று நினைத்து எதிரில் இருந்த பெண் பெட்டி மாறிப் போனாள்.

கோயிலில் நிர்வாகத்தைச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மிகவும் சந்தோசப்பட்டார். மண்டபத்துக்கு ஃபேன் அன்பளிப்புச் செய்ய வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

"நல்ல விசயம் தம்பியவை. ஆனா மற்ற ரெண்டு செட்டை எங்கை?"

"இதுக்கு ரெண்டுதான் அண்ணை," என்றாய்.

"சரி, பரவாயில்லை. உபயம் எண்டு உங்கடை ரெண்டுபேற்றை பேரையும் செட்டைக்கு ஒண்டாய் எழுதிவிடுவம்."

நீ சிரித்து அவருக்கு விளக்கினாய். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் பெயரும் என் பெயரும் சம அளவு எழுத்தில், சம உயரத்தில் தொங்குவதற்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வாய்ப்பு அது.

பிறகு ஐயர் வந்து, யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். விமானத்துக்கு என்றாய். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நட்சத்திரம்?" என்றார். ஒரு நொடி தாமதமில்லாமல் "சித்திரை" என்றாய். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். என்னைக் கேட்டிருக்கலாம். இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய விமானத்துக்குத் தன்னுடைய நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு விபூதிக்குக் கை நீட்டுகிறானே என்று நினைத்தேன். அதன்பின் ஒவ்வொரு வருடமும் காற்றாடியைக் கழற்றி அங்கே கொண்டுபோனோம். ஒவ்வொரு வருடமும் சித்திரை. நானும் ஒவ்வொரு வருடமும் வாயை மூடிக்கொண்டு, காற்றாடியின் கனமான பக்கத்தைத் தூக்கினேன்.

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். சக்கரத்துக்குக் கீழே வைத்தோம். விமானத்தைத் தள்ளியபோது பழம் நசியாமல் ஈரப் புல்லுக்குள் அமிழ்ந்துபோனது. இரண்டாவது பழமும் அப்படியே. தளத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் தேநீர்க் கோப்பைகளோடு வரிசையாக நின்று பார்த்தார்கள். நீ ஒரு பலகையைத் தேடி எடுத்து, அதன்மேல் பழத்தை வைத்து, ஏன் வைக்கிறோம் என்று அவர்களுக்கு ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தாய். அடுத்த மாதம் டெரிக் என்கிற பக்கத்துக் கொட்டகைக்காரர் தன்னுடைய விமானத்துக்கும் நாலு பழம் வாங்கிவந்து, "அவர் வரட்டும், அவர்தான் முறையாக வைப்பார்" என்று உனக்காகக் காத்திருந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கும் எலுமிச்சம்பழம் வைக்கத் தெரியும்.

இருவரும் ஒரே காலத்தில்தான் ஓட்டப் பழகினோம். உனக்கு அது நீச்சல்போல வந்தது. எனக்குப் பரீட்சைபோல வந்தது. நீ விமானத்தை இறக்கும்போது சக்கரம் எப்போது புல்லைத் தொட்டது என்று சொல்ல முடியாது. நான் இறக்கும்போது அடுத்த ஊருக்கே தெரியும். விமானம் ஒருமுறை தொட்டு, யோசித்து, மறுபடி எழும்பி, மறுபடி தொடும். நீ வேலியோரம் நின்று, நான் இறங்கி வந்ததும் கேட்பாய்: "மச்சான், எத்தினை தரம் இறங்கினனீ? நான் எண்ணேக்கை பிழைச்சுப்போச்சு."

அந்தக் கேள்வியை முப்பது வருடம் கேட்டாய். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலவே கேட்டாய்.

மற்ற நாட்களில் நீ ஓட்டினாய். ஓட்டுகிறவனுக்குப் பின் இருக்கை, மற்றவனுக்கு முன் இருக்கை என்று யாரோ ஒரு புத்திசாலி வடிவமைத்துவிட்டான். நான் முன்னால் இருந்து காற்றை வாங்கினேன். உன் குரல் மட்டும் ரப்பர்க் குழாய் வழியாக என் காதுக்கு வரும். "கீழை பார்," என்பாய். தேம்ஸ் நதி வெள்ளித்தாள்போலக் கசங்கிக் கிடக்கும். திரும்பி உன்னிடம் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தால், தோளை இறுக்கிய இருக்கைப் பட்டி விடாது.

அப்புறம் முயல். நீ அழகாக இறங்கிப் புல்லில் ஓடி வந்துகொண்டிருந்தபோது அது குறுக்கே பாய்ந்தது. நீ திருப்பினாய். விமானம் சுழன்று, கீழ்ச் சிறகு வேலியில் மோதி ஒடிந்தது. மூக்கு நிலத்தில் குத்திக் காற்றாடி இரண்டானது. அன்று தரையில் நின்ற நான் ஓடிவந்தேன். நெற்றியில் இரத்தத்தோடு இறங்கிய நீ, "முயல் தப்பிட்டுதோ?" என்று கேட்டாய்.

நான் அதே இடத்தில் அதே முயலுக்காக அதையே செய்திருந்தால், "அவருக்கு விமானம் இறக்கத் தெரியாது" என்று சொல்லியிருப்பார்கள். உன் விசயத்தில் தளத்துத் தேநீர்க்கடைச் சுவரில் ஒரு முயலின் படத்தை மாட்டினார்கள். அந்த வருடக் குளிர்காலத்திலேயே நோய் வந்து, உன்னை வேகமாக எடுத்துக்கொண்டது. உன் செத்தவீட்டில் மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேரும் முயலைச் சொன்னார்கள்.

விமானம் கொட்டகையில் அப்படியே கிடந்தது. எனக்கு வேலையும் ஓய்ந்தது. இனிப் பறக்கக் கூடாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். ஆனாலும் சனிக்கிழமைகளில் போய்த் தூசு துடைத்தேன். ஒடிந்த சிறகை ஏன் துடைக்கிறீர்கள் என்று டெரிக் கேட்டார். ஒடியாத சிறகையும் துடைக்கிறேன் என்றேன்.

இந்த நிலையில்தான் கோபால் வந்தார். கோயம்புத்தூர்க்காரர், உன் விமான நிலையத்தில்தான் என்ஜின் பொறியியலாளர். நம்மைவிட இருபது வயது இளையவர். இரண்டு முழங்கால்களும் வேலை செய்கின்றன. டெரிக்கிடம் முயல் கதையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சார், இத என்கிட்ட குடுங்க. சிறகு, காத்தாடி எல்லாத்தையும் நானே பண்றேன். ரெண்டு வருஷத்துல பறக்க வெச்சுடலாம். நீங்க எப்ப வேணாலும் வந்து பாக்கலாம்."

"வந்து பார்க்கலாம்" என்ற இடத்தில் அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. வரலாற்றுப் பெறுமதி, பாதுகாப்பு விதிகள், மூலப் பொருட்களின் தன்மை என்று கவுன்சிலில் கற்ற எல்லாவற்றையும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தினேன். மனிதர் பொறுமையாகத் தலையாட்டினார். உண்மைக் காரணம் உனக்குத் தெரியும். அது கொட்டகையில் உக்கிப்போவதை என்னால் தாங்க முடியும். இன்னொருவன் கையில் நன்றாகப் பறப்பதைத்தான் தாங்க முடியாது. அவர் நடையைப் பார்த்தேன். அவரும் சக்கரம் தொடுவது தெரியாமல் இறக்குகிற ரகம்.

உன் பாதி இப்போது மலருடையது. அவவிடம் தொலைபேசியில் சொன்னேன். விமானத்துக்கு அவ வைத்திருக்கும் பெயர் சக்களத்தி என்பது உனக்குத் தெரியாததல்ல.

"குடுத்துத் துலையுங்கோ அண்ணை," என்றா. "முயலுக்கு விலத்தின மனுசன், என்ரை ஒரு பிறந்தநாளுக்காவது வீட்டிலை நிண்டவரோ? என்ரை கூறைக்கு அடுத்த நல்ல சேலையையும் எண்ணெய் ஆக்கிக் கொண்டுவந்து தந்தவர்."

நான் தயங்கினேன். அவ புரிந்துகொண்டா. "சரி, ஒருக்காப் பாப்பம். அவள் என்ன அப்பிடி வடிவெண்டு நானும் பாக்கத்தானே வேணும்."

அப்படித்தான் போன சனிக்கிழமை மலர் முதல்முறையாக அங்கே வந்தா. கோபாலும் வந்து, மரியாதையாகத் தூரத்தில் நின்றார். மலர் விமானத்தைச் சுற்றி நடந்தா. பெண் பார்க்க வந்த மாமியாரின் முகம். "இவ்வளவு சின்னதோ?" என்றா. ஒடிந்த காற்றாடித் துண்டுகள் சிறகின்மேல் கிடந்தன. ஒரு துண்டில் இருந்த நடுக்குமிழில் பழைய சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. விரலால் தொட்டா.

"இதென்ன, சந்தனமோ?"

அவவிடம் நீ ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. ஃபேன் உபயம் வரை எல்லாம் சொன்னேன். சிரித்தா. வருடா வருடம் அர்ச்சனை என்றேன்.

"ஆற்றை நட்சத்திரத்துக்கு?"

"வேறை ஆற்றை? அவன்ரைதான். சித்திரை."

மலர் விரலை எடுக்கவில்லை. "அவர் பூசம் அண்ணை," என்றா.

பிறகு சந்தனத்தைத் தடவியபடி, "சித்திரை நான்."

மச்சான், அந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் கண்கலங்கியிருப்பான். நான் கணக்குப் பார்த்தேன். இத்தனை வருடமும் விமானத்தில் உனக்கு அடுத்தவன் நான் என்று நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். இப்போது தெரிகிறது, நான் மூன்றாவது. அதுவும் அதை ஒருநாளும் தொட்டிராத, வெறுத்த ஒருத்திக்கு அடுத்து. பொறாமையில்கூட ஆளை மாற்றிப் படவேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டாய்.

மலர் ஏறி உட்கார வேண்டும் என்றா. கோபால் படி கொண்டுவந்து பிடித்தார். முன் இருக்கையில், என் இருக்கையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருப்பதுபோல இருந்தா.

"அவர் எங்கை இருக்கிறவர்?"

"பின்னாலை."

ஒடுங்கிய இருக்கையில் திரும்பிப் பார்க்க முயன்றா. முடியவில்லை. "அப்ப பறக்கேக்கை அவற்றை முகம் உங்களுக்குத் தெரியாதோ?"

"இல்லை. ஒருநாளும் பாக்கேல்லை."

"உண்மையாவோ?"

"குரல்தான் கேக்கும்."

மலர் யோசித்தா. முகத்தில் பல வருடத்துக் கோபம் ஒன்று இறங்குவது தெரிந்தது. "அப்ப சரி," என்றா.

எனக்கும் அப்போதுதான் சரியாயிற்று. ஆகாயத்தில் உன் முகம் எப்படி இருந்தது என்று அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானும் அவவும் காவல் காத்த பொருள் எங்கள் இருவரிடமும் இருந்ததில்லை. கொட்டகையில் அதைப் பூட்டி வைத்தாலும் வரப்போவதில்லை.

கோபாலைக் கூப்பிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உடைந்த காற்றாடியில் ஒரு பாதியை மலர் எடுத்துக்கொண்டா, மறு பாதியை நான். இம்முறை எந்தப் பாதி யாருக்கு என்பதில் குழப்பமில்லை: சந்தனம் இருந்த பாதி அவவுக்கு. கோபால் கார்க் கதவைத் திறந்துவிட்டுக் கேட்டார்:

"சார், புதுக் காத்தாடி போட்டதும் நானும் ஆர்ச்வேக்குக் கொண்டுபோறேன். நட்சத்திரம் என்னன்னு சொல்லணும்?"

மலர் என்னைப் பார்த்தா. "நீங்கள் சொல்லுங்கோ அண்ணை," என்றா.

என்னுடையது அத்தம். சித்திரைக்கு முந்தியது. வாய்வரை வந்தது, மறைக்கவில்லை. முப்பது வருடம் கனமான பக்கத்தைத் தூக்கியவனுக்கு அந்த ஒரு சொல் அதிகமில்லை.

"சித்திரை," என்றேன்.

என் பாதிக் காற்றாடி இப்போது என் வீட்டு நடையில், குடைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்டால், ஃபேன் என்கிறேன். விளக்கிச் சொல்லத் தொடங்கினால் முயலில் போய் முடியும். அந்தக் கதையை நாலாவது ஆளாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இரண்டு வருடத்தில் கோபால் அதைப் பறக்கவிடுவார். பலகையும் எலுமிச்சம்பழமும் நான்தான் கொண்டுபோவேன். அதை வேறு யாரையும் செய்ய விடப்போவதில்லை. பிறகு, நீ நின்ற வேலியோரம், நீ நின்ற இடத்திலேயே நிற்பேன். அவர் இறங்கி வரும்போது எண்ணுவேன். ஒருதரம்தான் இறங்குவார், எனக்குத் தெரியும். ஆனாலும் மச்சான், இரண்டாம் தரம் ஒரு சின்னத் துள்ளல் துள்ளினாலும் உனக்குச் சொல்கிறேன்.