பிரிட்ஜில் எழுதிய நாலாவது வரி

அன்பு மகளுக்கு,

அம்மா ஆசையாக எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீயும் அங்கே சுகமாக இருக்கவேண்டும்.

மூன்று ஞாயிறாகப் போன் இல்லையே என்று தவித்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது, போன உயிர் திரும்பிவந்தது. எறும்பு வழிமாறுவது வெளிச்சத்தால்தான் என்று இரண்டு வருஷமாக நீ சொன்னது சோதனையில் பொய்த்துவிட்டது, வெட்கத்தில் பேசவில்லை, ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

கோட்பாடு வகுப்பது என்றால் என்னவென்று போன லீவில் நீதானே விளக்கினாய். மனசுக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டுப் போவதில்லையாம், ஏன் நடக்கிறது என்று காரணம் சொல்லவேண்டும், தப்பென்றால் சோதித்துத் தெரிந்துகொள்ளும்படியும் சொல்லவேண்டுமாம். அன்றிலிருந்து வீட்டில் அந்தச் சொல் படாத பாடு படுகிறது. நீ பேசாததற்கு உன் அத்தை, "அவ அங்கேயே யாரையோ பாத்துவெச்சிருப்பா" என்றாள். இதற்குப் பெயர் கோட்பாடு வகுப்பதில்லை, வம்பளப்பது என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

அப்பாவின் வழக்கம் நீ பார்த்து வளர்ந்ததுதான். பழுதுபார்க்கக் கடைக்கு வரும் பிரிட்ஜின் மேல் தனக்குத் தோன்றும் காரணத்தைச் சாக்பீஸால் எழுதிவிட்டுத்தான் ஸ்குரூவைத் தொடுவார், தப்பானால் அழிக்காமல் குறுக்கே கோடுபோட்டு அடியில் அடுத்ததை எழுதுவார். போன வாரம் துடைக்க மறந்து, 'எலி கடித்திருக்கும்' என்ற எழுத்தோடே டாக்டரம்மா வீட்டில் பிரிட்ஜைக் கொண்டுபோய் இறக்கிவிட்டார், தெருவே சிரித்தது. நீ பேசாததற்கு நம் வீட்டு நீலப் பிரிட்ஜிலேயே மூன்று வரி எழுதினார். வேலை அதிகம். காய்ச்சல். ஏதோ தப்பாய்ப் போய்விட்டது, சொல்லக் கூசுகிறாள். கடிதத்தைப் படித்ததும் முதல் இரண்டிலும் கோடு, மூன்றாவதற்கு டிக். ஒரு நாள் முழுக்க அவரைப் பிடிக்க முடியவில்லை.

வா என்றும் வராதே என்றும் நான் சொல்லமாட்டேன். வந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது, எனக்குக் கொள்ளை சந்தோஷம். ஆனால் ஒரே ஒரு கோடு விழுந்ததற்காக எந்தப் பிரிட்ஜையும் அப்பா திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை.

குறையில்லாமல் நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, எறும்புக்கு வைக்கிற சர்க்கரையில் உன் காப்பிக்கும் கொஞ்சம் போட்டுக்கொள். ஒன்றை மறக்காதே. நேற்று அப்பா நாலாவது வரி எழுதியிருக்கிறார், 'இந்நேரம் அடுத்த காரணத்தை எழுதியிருப்பாள்' என்று. டிக்கா கோடா என்று உடனே எழுது, மனுஷன் சாக்பீஸைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா