ரூமுக்கு வந்துட்டேன்மா

அன்புள்ள அப்பா,

வெள்ளிக்கிழமைதோறும் உங்கள் லேபர் கேம்ப் வாசலில் பார்த்துக்கொள்கிறோம், பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் எனக்குப் பேச்சு வருவதில்லை.

ஆபீசில் நார்வேக்கார மேடம் ஒருவர் இருக்கிறார். அவர்கள் மொழியில் அறையை 'ரும்' என்பார்களாம். கை காலை நீட்ட இடம் இருப்பதற்கும் அதே சொல்தானாம். "உன் அப்பாவின் ரும் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வளைகுடாவில் இருபது வருஷமாக, "ரூமுக்கு வந்துட்டேன்மா" என்று மட்டும்தான் போனில் சொல்லியிருக்கிறீர்கள்.

போன வாரம் வாசலில் காத்திருந்தபோது உங்கள் கூட்டாளி சிரித்தார். "உங்கப்பாவா? முட்டி வலியோட மேல் கட்டில்லேர்ந்து இறங்கணும்ல! பத்துப் பேர் ரூம்ல வெள்ளிக்கிழமை இஸ்திரிப் பெட்டி அவருக்குத்தான்!"

நீங்கள் மடிப்புக் கலையாத சட்டையில் வந்தீர்கள்.

ரோலா ஏரியாவில் எனக்குத் தனி ரூம் என்று சொன்னேனே, அது பொய். ஹாலில் திரைச்சீலை கட்டிய ஒரு கட்டில்தான். திரைக்கு அந்தப் பக்கம் யாராவது சிரித்தால், தனியாக இருப்பது தெரியாமலிருக்க நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருப்பேன்.

உங்கள் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அறை பார்த்திருக்கிறேன். கதவு இருக்கிறது. இரண்டு கட்டில்களைத் தரையிலேயே போடலாம்.

என்னோடு வந்து இருப்பீர்களா, அப்பா?

உங்கள் மகள்