நிற்கக் கூடாத இயந்திரம்

வூஸ்டர்
6 மார்ச் 1967

ஆல்டன்,

பிரிந்த பிறகு உன் பிறந்தநாளுக்குக்கூட எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். பயந்துபோய் எழுதுகிறேன். உன் குரலைக் கேட்டால் சண்டைதான் வரும், அதனால்தான் போன் செய்யவில்லை.

உங்கள் கம்பெனி கேம்பிரிட்ஜில் செய்த கம்ப்யூட்டரில் எங்கள் ஆஸ்பத்திரியும் சேர்ந்திருக்கிறது. இங்கே டெலிபிரிண்டரில் நான் எண்களைத் தட்டினால், புற்றுநோயாளிக்கு எத்தனை விநாடி கதிர் வைக்கலாம் என்று தொலைபேசிக் கம்பி வழியே விடை வந்துவிடும். காலையில் திருமதி நைலுண்டின் கணக்கைத் தட்டினேன். அவருக்குத் தொண்டையில் கட்டி. நூற்றுத் தொண்ணூறு என்றது. காகிதம் கிழிந்துவிட்டதே என்று மறுபடி தட்டினால் இருநூற்று நாற்பது! எண்களை நான் மாற்றவேயில்லை. மூன்றாம் தடவை பழையபடி நூற்றுத் தொண்ணூறு.

"மூணுல ரெண்டு ஒண்ணாச் சொல்லுதே, அப்புறம் என்னம்மா?" என்று பெரிய டாக்டர் சிரிக்கிறார். வெள்ளிக்கிழமை முதல் கதிர். எது சரி?

இர்மா

கேம்பிரிட்ஜ்
8 மார்ச்

அன்புள்ள இர்மா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. "கையால் கணக்குப் போடச் சொல்லுங்கள்" என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொன்னேன். உன்னிடம் சொன்னார்களா?

முப்பது பேர் ஒரே சமயத்தில் தட்டினாலும் இயந்திரம் தனக்கே சொந்தம் என்று ஒவ்வொருவரும் நினைக்க வேண்டும். மின்சாரம் போல எப்போதும் ஓட வேண்டும், நிற்கவே கூடாது. இந்த விதிகளை எழுதியவன் நான்தான். ஆனால் எங்களிடம் இருந்த நினைவகம் கைக்குட்டை அளவு. ஆளுக்கொரு பிரதி வைக்க இடமில்லாமல், பொதுவான கணக்கு வழிகளை ஒரே பிரதியாக வைத்தோம். இயந்திரம் ஆளுக்குக் கொஞ்ச நேரம் என்று முறை வைத்து வேலை செய்யும்; பாதிக் கணக்கில் உன் முறை முடிந்தால் உன் அரைகுறை எண் அங்கேயே கிடக்கும். அடுத்தவர் வந்து அதன்மேல் எழுதிவிட்டால், திரும்பி வரும் உனக்கு அவருடைய எண்தான் கிடைக்கும். இரண்டு பேர் ஒரே கரும்பலகையில் கணக்குப் போடுவது மாதிரி. அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நடந்ததற்குத் தடயமே இருக்காது.

நிறுத்தித் திருத்தலாம் என்று மேலாளர் ப்ரூஸ்டரிடம் கெஞ்சினேன். "நாளைக்கு இயந்திரத்தைப் பாக்க வாஷிங்டன்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. நிக்கவே கூடாதுன்னு எழுதுனவன் நீ. இப்ப வந்து நிறுத்தணும்ங்கிற!" என்றார். எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பவும் விடவில்லை. எந்த ஊரில் யார் எந்த எண்ணை நம்பிக்கொண்டிருக்கிறார்களோ.

ஆல்டன்

கேம்பிரிட்ஜ்
10 மார்ச்

இர்மா,

நேற்று வாஷிங்டன் விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தும் விசையை அழுத்திவிட்டேன். உடனே எல்லாத் தொலைபேசிகளும் அலறின. "வெளியே போ" என்பதைத் தவிர ப்ரூஸ்டர் வேறெதுவும் பேசவில்லை. வேலை போய்விட்டது. அது கிடக்கட்டும். நீ கையால் போட்டதில் என்ன விடை வந்தது? உடனே எழுது.

ஆல்டன்

வூஸ்டர்
13 மார்ச்

அன்புள்ள ஆல்டன்,

நீ போனில் சொன்னதை என்னிடம் சொன்னார்கள். கையால் இரண்டு தடவை போட்டேன். நூற்றுத் தொண்ணூறு. கதிரும் வைத்தாயிற்று. "என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? கதிர் எனக்கா, உனக்கா?" என்று திருமதி நைலுண்ட் கேலி செய்தார்.

பெரிய டாக்டர் சந்தோஷமாக உங்கள் ப்ரூஸ்டருக்குப் போன் செய்து, விடை சரிதான் என்று சொல்லிவிட்டார். அதுவே போதும் என்று எதையும் திருத்தாமல் இயந்திரத்தை மறுபடி ஓடவிட்டுவிட்டார்கள். விடை தப்பாக இருந்திருந்தால் எல்லோரும் பயந்திருப்பார்கள். இப்போது பயப்படுவது நீயும் நானும்தான்.

இன்றைக்கு எட்டு நோயாளிகளின் விடைகள் வந்து மேசையில் கிடக்கின்றன. எல்லாம் ஒரே ஒரு தடவை தட்டியவை. அத்தனையையும் கையால் போட்டுப் பார்க்கப் போகிறேன். ஆனால் நான் போட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், இங்கே யாருக்கும் அந்தப் பொறுமை இல்லை.

நீ விட்டுவிட்டுப் போன கணக்குப் போடும் ஸ்லைடு ரூல் இன்னும் சமையலறை இழுப்பறையில்தான் கிடக்கிறது. முதல் பஸ்ஸில் வா. சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இர்மா