கேனில் சேராத பகல்

எனக்குள் இன்னமும் வேலை செய்துகொண்டிருக்கும் ராசம்மா அக்காவுக்கு,

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. நேற்று உன் கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்முடைய யாழ்ப்பாணத்து டாக்டரிடம் போனேன். கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டேன்: எனக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்ததால்தான் அக்கா போய்விட்டாளா?

அவர் கொப்பியை நிதானமாகப் புரட்டினார். "இல்லை தம்பி. மாரடைப்பு வேற விஷயம். மிச்சமிருந்த சிறுநீரகம் கடைசி மட்டும் நல்லா வேலை செய்திருக்கு" என்றார். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து அழுதேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சிறுநீரகத்தையே வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார்கள். நினைவிருக்கிறதா? ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் கேனில் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அதையும் இரத்தத்தையும் வைத்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடுவார்கள். உன் அளவு குறைவாக வந்தது. கொடுக்க முடியாமல் போகலாம், பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள்.

அன்று பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்ஸில் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஏதோ உன் குற்றம் போல. நான் ஹாலிஎலயில் இறங்கியபோது, பூனாகலைத் தோட்டத்துக்குப் போக வேண்டிய நீ ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாய். "சாப்பிட்டுட்டுப் படு தம்பி." நான் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஊரெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்த நிருபர் நான். கேட்க வேண்டியதை அந்தப் பெரிய டாக்டர், நம் யாழ்ப்பாணத்துக்காரர்தான் கேட்டார்.

"அம்மா, நாள் முழுக்க மலையில ஏறி இறங்கிற உடம்பு உங்கட. அதுக்கு இந்தச் சிறுநீர்ல வந்த கழிவு காணாது. மலைக்குப் போகேக்க கேனையும் கொண்டு போனனீங்களோ?"

"ஐயோ டாக்டரய்யா, அதத் தூக்கிக்கிட்டு மலைக்கா? கங்காணி கள்ளுன்னு நெனச்சு மூடியத் தொறந்திருப்பாரு!"

கேனை லயத்து வீட்டில் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு நீ கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாய். மலையில் கக்கூஸ் ஏது? பகல் முழுவதும் போனது தேயிலைச் செடி மறைவிலே. வீட்டில் போனதை மட்டும் ஒழுங்காகச் சேர்த்திருக்கிறாய். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்; மறுபடி ஒரு நாள் முழுக்கச் சேர்க்கச் சொன்னார். எனக்குத்தான் கோபம்.

"எத்தன தடவ சோதிப்பீங்க டாக்டர்? எனக்கு நாள் இல்லையே."

"தம்பி, இந்தச் சோதனை உங்களுக்காக இல்லை. ஒண்டைக் குடுத்தாப்பிறகு மிச்சம் ஒண்டோட அக்கா வாழவேணும். அதுக்காக."

நீ சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாய். "எனக்காகவா? காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்புடுறதோட சரி. எனக்குன்னு யாரு இப்புடிப் பாத்தா?"

மறுபடி சேர்த்தபோது நீ வேலைக்குப் போகவில்லை. பெரட்டுக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று, "என்னா அக்கா, இன்னைக்கு கேனுக்குக் காவலா?" என்று கேலி பண்ணினார்களாம். "ஆமாடி, ஒங்க கங்காணிய விட இது மரியாதையா இருக்கு" என்றாயாம். இந்தத் தடவை அளவு சரியாக வந்தது. ஊசி மருந்து ஏற்றி, மணிக்கொரு தரம் இரத்தம் எடுத்து, இன்னொரு முறையும் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார்கள். நான் பிழைத்தேன். அதைவிட, நீயும் நன்றாக இருந்தாய்.

ஒரு செய்தி. கொஸ்லந்தையில் ஒரு பெண், புருஷனுக்குக் கொடுக்க முன்வந்திருக்கிறாள். சோதனை நடக்கிறது. நேற்று கிளினிக்கில் என்னிடம், "சரியா வரலேன்னா வீட்டுல என்னையத்தான் ஏசுவாங்க ஐயா" என்றாள். புதன்கிழமை முடிவு வருகிறது.

நான் அவளோடு போகிறேன், அக்கா. முடிவு எப்படி வந்தாலும், அவள் வீடு வரைக்கும் பேசிக்கொண்டே கூட வருவேன். அவள் வீட்டாரிடமும் நானே சொல்வேன், அது அவள் குற்றமில்லை என்று. உனக்கு நான் தரும் வாக்கு இது.

நீ பிழைக்க வைத்த
உன் தம்பி